தோழி சொன்ன ரகசியமும் அடுத்து என்ன படிப்பது என்ற கேள்வியும்

கேள்வி: நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். விடுதியில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். பொறுமையாகக் கேட்பேன், எனக்கும் அது பிடிக்கும். அதனால் உளவியல் படித்து கவுன்சலர் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா, "வக்கீலுக்குப் படி, நம்ம ஊர்ல ஒரு பொண்ணுகூட கறுப்புக் கோட்டு போட்டதில்ல" என்கிறார். அம்மாவுக்கு நான் பி.எட். முடித்து டீச்சர் ஆனால் போதும். தமிழ் படித்துவிட்டு உளவியலுக்குப் போக முடியுமா? மூன்று வருடம் வீண்தானா? ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோ ஒன்றுக்கு விளம்பரம் பார்த்தேன். முடித்தால் பெயருக்குக் கீழே 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளலாமாம். சேரலாமா? இன்னொன்று. என் அறைத் தோழி கொஞ்ச நாளாக ராத்திரியில், "இருக்கவே பிடிக்கல" என்று அழுகிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வார்டனுக்குத் தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்படுகிறாள். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

'இன்னொன்று' என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில். இந்தப் பகுதியை மட்டும் உங்களுக்குத் தனியாக ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். இது அச்சாகும் வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. மற்ற வாசகர்களுக்கும் தேவைப்படும் என்பதால் இங்கே திரும்ப எழுதுகிறேன். உங்களை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தோழியிடம் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு, யாரோ ஒருவர் அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டதே பெரிய ஆறுதலாக இருக்கிறது. அவள் ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்பது வரை யோசித்திருக்கிறாளா என்றும் கேளுங்கள். அதற்கும் ஆமாம் என்றால் அன்று இரவு அவளைத் தனியாக விடக் கூடாது. விடியட்டும் என்று பார்க்காமல் வார்டனை எழுப்பி, பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அந்த அளவுக்கு இல்லை, வெறும் சோர்வும் அழுகையும்தான் என்றால், மறுநாள் காலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. நடு ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியவில்லையா, 14416க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் வந்தது. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம். அவள் பேச மறுத்தால் நீங்களே பேசி யோசனை கேட்கலாம்.

அடுத்தது போலீஸ் பயம். மனதில் வரும் எண்ணத்துக்கு நம் நாட்டுச் சட்டத்தில் எந்தக் காலத்திலும் தண்டனை இருந்ததில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தண்டித்ததுகூட முயற்சியைத்தான். அதையும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் முடக்கிப் போட்டது. அதன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போலப் பொதுவாகத் தண்டிக்கும் பிரிவு இல்லை. அரசு ஊழியர் ஒருவரைப் பணிய வைக்கவோ அவர் கடமையைத் தடுக்கவோ முயல்பவருக்கு மட்டும் 226ஆம் பிரிவு உண்டு. முயற்சி நடந்து மருத்துவமனைக்கு வந்தால் எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து நாலு கேள்வி கேட்பதும் உண்டு. அதனால் அவளைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்று ஆகாது. உங்கள் தோழி அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. அவள் டாக்டரிடம் சொல்வதை டாக்டர் கல்லூரிக்கோ ஊருக்கோ சொல்லக் கூடாது என்று அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால், அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குச் சொல்லலாம் என்பது அதில் ஒன்று.

அந்த விதிவிலக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். எங்களைப் போன்ற மனநலத் தொழில்காரர்களுக்கே உயிர் என்று வந்தால் ரகசியம் இரண்டாம் பட்சம். உங்களுக்கு மட்டும் என்ன? நீங்கள் தமிழ் மாணவி, இது உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், தலைவியின் ரகசியம் முழுக்கத் தெரிந்தவள் தோழி. தலைவி மெலிந்து, வளை நெகிழ்ந்து, காரணம் புரியாமல் வீடே கலங்கும்போது அவள்தான் போய் வளர்ப்புத் தாயான செவிலியிடம் உண்மையை உடைக்கிறாள். சங்க நூலான குறிஞ்சிப்பாட்டு முழுவதும் அந்தப் பேச்சுதான். 'நோய் என்னவென்று தெரியாமல் விவரம் தெரிந்தவர்களை எல்லாம் கேட்கிறாய், பல கடவுளை வேண்டுகிறாய், தூபம் காட்டுகிறாய், நான் சொல்கிறேன் கேள்' என்று தொடங்குகிறாள். அதைக் காட்டிக்கொடுத்தல் என்று எந்த உரைகாரரும் சொல்லவில்லை. அறத்தொடு நிற்றல் என்று இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்கிறாள் என்பதும் முக்கியம். ஊருக்குச் சொல்லவில்லை, செவிலிக்குச் சொல்கிறாள். நீங்களும் அறைக்கு அறை சொல்ல வேண்டாம். வார்டன் அல்லது நீங்கள் நம்பும் ஒரு பேராசிரியை, ஒரே ஒருவர் போதும். அதையும் அவளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். "உன்கிட்ட சொன்ன வார்த்தையை என்னால காப்பாத்த முடியல, நீ உயிரோட இருக்கணும், வா ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லுவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போங்கள். கோபித்துக்கொள்வாள். சில வாரம் பேசாமலும் இருக்கலாம், இருக்கட்டும்.

விடுதியில் எல்லாரும் உங்களிடம் வருகிறார்கள் என்பதால் இன்னொரு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவிகளில் 18 வயது நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கேட்டவரின் கடமை. கேட்டவர் கவுன்சலராக இருந்தாலும் சரி, அறைத் தோழியாக இருந்தாலும் சரி. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. நேராகக் காவல் நிலையம் போகத் தயக்கமாக இருந்தால் 1098, குழந்தைகள் உதவி எண், வழிகாட்டுவார்கள்.

கல்லூரியில் கவுன்சலர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நீட் பயிற்சிக்காக விடுதியில் தங்கியிருந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வகுத்துக் கொடுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. "நம்ம காலேஜுக்கு யார் சார் அந்த ஆள்?" என்று முதல்வரிடம் மாணவர் சார்பில் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. தமிழாசிரியர் ஒருவரிடமே கூடுதல் பொறுப்பாக அதைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், அதைத் தகுதியுள்ள நியமனம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு கேள்வி. எல்லாரும் உங்களிடம் கொட்டுகிறார்கள். நீங்கள் யாரிடம் சொல்கிறீர்கள்? கடிதத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. ராத்திரி தோழி அழுது முடித்துத் தூங்கிய பிறகு நீங்கள் தூங்குகிறீர்களா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. கேட்பது உங்களுக்கு இயல்பாக வருகிறது, அது நல்ல மூலதனம். ஆனால் விடுதி அறையில் இப்போது நீங்கள் செய்வதும் நான் மருத்துவமனையில் செய்வதும் ஒன்றல்ல. என்னிடம் வருபவர் என் தோழி இல்லை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பேசுவார், போய்விடுவார், அடுத்த வாரம் வருவார். அவர் கோபித்துக்கொண்டால் என் சாப்பாட்டுத் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. பயிற்சிக் காலத்தில் நான் பார்த்த ஒவ்வொருவரைப் பற்றியும் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. ஏன் அந்த இடத்தில் சும்மா இருந்தாய், ஏன் அங்கே அறிவுரை சொன்னாய் என்று வறுத்தெடுப்பார்கள். இந்த மேற்பார்வைதான் எங்கள் படிப்பின் உயிர்நாடி. புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

ஆறு மாத ஆன்லைன் டிப்ளமோவை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் மேற்பார்வையும் கிடையாது, நோயாளியும் கிடையாது. சேராதீர்கள். ஆர்வத்துக்காகப் படிக்கிறேன் என்றால் நூலகத்தில் ஓசியிலேயே படிக்கலாம். சட்டப்படியும் அது செல்லாது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம், அதாவது ஆர்.சி.ஐ. சட்டம், தன் பதிவேட்டில் இல்லாதவர்கள் மருத்துவ உளவியல் போன்ற துறைகளில் தொழில் செய்யக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாயைப் பார்த்து எங்கள் துறைக்காரர்களே சிரிப்பார்கள், ஒரு அமர்வுக்கு அதைவிட அதிகம் வாங்குகிற போலிகள் இருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வரையறுத்திருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதி, அல்லது உளவியலில் முதுகலையும் அதற்கு மேல் நேரடி நோயாளிப் பயிற்சியோடு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்லும்.

'கவுன்சலர்' என்ற பெயரைப் பொறுத்தவரை நெடுங்காலம் யாரும் கேட்பாரில்லை. அதனால்தான் தெருவுக்குத் தெரு பலகை. 2021இல் வந்த இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் மற்ற உளவியலாளர்கள், நலக் கவுன்சலர்கள், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் எல்லாரையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவருகிறது. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பட்டப் படிப்பாக நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. பட்டத்துக்கே இந்த நிலை என்றால் அந்த ஆறு மாதச் சான்றிதழை யார் மதிப்பார்கள்?

அப்படியானால் எந்த வழி? இரண்டு உண்டு.

ஒன்று எம்.எஸ்சி. உளவியல். எந்தப் பட்டம் படித்தவரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இளங்கலையிலேயே உளவியல் படித்திருக்க வேண்டும் என்று கேட்பவையும் இருக்கின்றன. விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் இதை மட்டும் பார்த்துவிடுங்கள். மருத்துவமனையில் நோயாளி பார்க்க வேண்டும் என்றால் அது முடிந்த பிறகு எம்.ஃபில். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிறுவனம், சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்கள். இடங்கள் மிகக் குறைவு, போட்டி கடுமை. இங்கே ஒரு சிக்கல். எம்.ஃபில். என்ற பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிகளில் கைவிட்டுவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். நீங்கள் முதுகலை முடித்து வரும்போது அந்தப் படிப்பு வேறு பெயரில், வேறு அமைப்பில் இருக்கக்கூடும். ஆகவே எந்தப் படிப்பானாலும் சேருகிற வருடத்தில் ஆர்.சி.ஐ. தளத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியும் படிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பாதீர்கள்.

இன்னொன்று எம்.எஸ்.டபிள்யூ., இரண்டு ஆண்டு சமூகப் பணி முதுகலை, அதில் மருத்துவம் மற்றும் மனநலச் சிறப்புப் பிரிவு. பொதுவாக எந்தப் பட்டதாரியும் சேரலாம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இதைக் கேட்டு உளவியல்காரர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சமூகப் பணி என்றால் இரண்டாம் தரம் என்று ஒரு நினைப்பு இன்னும் போகவில்லை. என் மருத்துவமனை அனுபவத்தில், டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்த பிறகு அந்த நோயாளி திரும்ப வருவாரா மாட்டாரா என்பது பாதி நேரம் சமூகப் பணியாளர் கையில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகத்தில் அலைவது, மாமியாரிடம் பேசுவது எல்லாம் அவர்தான். படிக்கும்போதே வாரத்தில் சில நாள் களப்பணி கட்டாயம், முதல் ஆண்டிலேயே மனிதர்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களில் மனநல மருத்துவர், உளவியலாளரோடு சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அமைப்பு போன்றவற்றின் கிராமப்புற வேலைகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

மூன்று வருடம் வீணா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. சமாதானத்துக்குச் சொல்லவில்லை, காரணம் சொல்கிறேன்.

அகப்பாட்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்தச் சூழலில் என்று பார்ப்பீர்கள். 'தலைவன் சிறைப்புறமாகத் தோழி தலைவிக்குச் சொல்லியது' என்று ஒரு குறிப்பு இருக்கும். பேச்சு தலைவியிடம், ஆனால் கேட்க வேண்டியவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். என் அறைக்குள் வந்து பாருங்கள், இதுதான் தினமும் நடக்கிறது. ஒரு அம்மா என்னைப் பார்த்து, "எனக்கென்ன மேடம், இவன் நல்லா இருந்தா போதும், நான் எங்கயாச்சும் போய்க் கிடந்துக்குவேன்" என்பார். சொல்வது என்னிடம், சேர வேண்டியது பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் மகனிடம். எம்.எஸ்சி. முடித்து வரும் பிள்ளைகள் அந்த அம்மா சொன்னதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், தற்கொலை எண்ணம் உண்டா என்ற கட்டத்தில் ஒரு குறி போடுவார்கள். அதுவும் கேட்டுத்தான் ஆக வேண்டும், விடக் கூடாது. ஆனால் அந்தப் பேச்சு யாருக்குப் போகிறது என்பதைப் பிடிக்க அவர்களுக்குப் பல மாதம் ஆகிறது. கூற்றும் துறையும் படித்த உங்களுக்கு அந்தக் காது பாதி தயாராக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் ஓ.பி.க்கு வருபவர்கள் யாரும் 'எனக்கு டிப்ரஷன்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, உச்சந்தலை எரிச்சல், கை கால் ஓய்ச்சல், சோறு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். மனதில் இருப்பது உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டியல் என்று தனி இயலாக வைத்திருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்காகத் தொல்காப்பியரையே முதல் உளவியலாளர் ஆக்கிவிட வேண்டாம். மேடைகளில் அப்படி ஒரு பேச்சு ஓடுகிறது. அவர் சொன்னது கவிதைக்கு, நோயைக் கண்டுபிடிப்பதற்கு அல்ல.

உங்களிடம் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். புள்ளியியல். உளவியலோ சமூகப் பணியோ, ஆய்வு முறையியல் என்று ஒரு தாள் வரும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு என்று போகும். தமிழ் படித்து வந்தவர்கள் பலர் முதல் பருவத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் புள்ளியியல் பாடத்திலிருந்து இப்போதே தொடங்குங்கள். அப்புறம் ஆங்கிலம். பாடநூல்கள் அதில்தான் இருக்கின்றன. பேச வராவிட்டாலும் பரவாயில்லை, வாசிக்க வர வேண்டும். தினமும் இரண்டு பக்கம், அகராதியோடு. நாளைக்கு உங்களிடம் வரும் நோயாளி தமிழில்தான் பேசப் போகிறார், அந்த இடத்தில் தடுமாறப்போவது கான்வென்ட் பிள்ளைகள்.

அப்பா, அம்மா விஷயம். அப்பா சொல்வதை எடுத்தவுடன் தள்ளிவிடாதீர்கள். மூன்று ஆண்டு எல்.எல்.பி. எந்தப் பட்டத்துக்குப் பிறகும் படிக்கலாம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை, பட்டப் படிப்பு மதிப்பெண்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டத்தைப் பற்றிய ஆசை ஒரு வரிகூட இல்லை, அது முழுக்க அப்பாவின் ஆசை. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சமூகப் பணி படித்தவர்களும் நீதிமன்றத்துக்குள் போகிறார்கள். சிறார் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள், அதில் ஒருவர் கட்டாயம் பெண். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. கறுப்புக் கோட்டு இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் பி.எட். கணக்கு உறுதியான கணக்கு, அதில் உளவியல் தாளும் உண்டு. வகுப்பறையில் நிற்கப் பிடிக்கும் என்றால் தயங்காமல் போங்கள். பிடிக்காமல், பாதுகாப்புக்காக மட்டும் என்றால், தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு என்று காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தோழியை மனநல ஓ.பி.க்குக் கூட்டிப் போகும் நாளில் இதைக் கலக்க வேண்டாம், அன்று அவளோடு மட்டும் இருங்கள். இன்னொரு நாள், கூட்டம் குறைந்த மதிய நேரமாகப் பார்த்துத் தனியாகப் போய், அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடமோ உளவியலாளரிடமோ பத்து நிமிடம் கேளுங்கள். என்ன படித்தார், எங்கே படித்தார், காலையிலிருந்து என்ன வேலை பார்த்தார், ஒப்பந்தப் பணியா நிரந்தரமா, எது அலுப்பாக இருக்கிறது என்று. சம்பளம் எவ்வளவு என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். அப்பா முதலில் அதைத்தான் கேட்பார்.